வினாவிடையில் வாழும் படங்கள்

பழைய திரைப்பட ரசிகர்கள் நால்வர் கூடினால், வினாவிடை விளையாட்டொன்று தானே தொடங்கிவிடும். "மலையாளத்தின் முதல் பேசும்படம் எது?" என்பார் ஒருவர். "1938-இல் வெளிவந்த 'பாலன்'" என்பார் மற்றவர். "தயாரித்த நிலையம் எங்கிருந்தது?" என்று மூன்றாமவர் கேட்டதும் பலர் திகைப்பர். ஏற்காட்டு மலையடிவாரம் என்பதே விடை.

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்குச் செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் 1930-களில் நிறுவியது மாடர்ன் தியேட்டர்ஸ். பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட 'உத்தமபுத்திரன்' (1940), 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை அந்நிறுவனத்தின் படைப்புகளே.

இவ்விளையாட்டை வீண்பொழுது என்பாருக்கு நான் ஒன்று சொல்வேன். அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். 'பாலன்' இன்று காணக் கிடைக்காத படம். படப்பிடிப்பு நிலையமும் மறைந்து, சாலையோரத்தில் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சியது. படம் அழிந்தபின் அதைக் கண்டோர் நினைவே அதற்குக் களஞ்சியம். அந்த நினைவும் அவர்களோடு போய்விடும்.

ஆகவே உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் கண்ட படம் எது, எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டில் என்று குறித்து வையுங்கள். நினைவு பிறழ்வதும் உண்டு. எனவே பழைய பாட்டுப் புத்தகங்களோடும் செய்தித்தாள் விளம்பரங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வாறு செய்தால் விளையாட்டாகத் தொடங்கியது வரலாறாகிவிடும்.