மெக்கன்சியின் பெயருக்குப் பின்னே நிற்போர்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்திய உரை)

  

வாய்மொழியாய் வழிவழி வந்த ஆகமம் ஏட்டில் ஏறிய நன்னாளைச் சுருத பஞ்சமி என்று கொண்டாடுகிறோம். இந்நாளில் ஏட்டை மட்டும் வணங்கி நாம் அமைவதில்லை. அதனை எழுதியருளிய புட்பதந்தர், பூதபலி ஆகிய ஆசாரியர்களையும் பெயர் சொல்லி வணங்குகிறோம். நூலோடு நூலைக் காத்தவர் பெயரையும் காப்பது நம் மரபு. அம்மரபை மனத்திற்கொண்டு, நூலகப் பட்டியல்களின் வழியே ஒரு மனிதரைத் தேடிச் சென்ற செய்தியை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

அவர் பெயர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் ஊரில் பிறந்தவர். 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பணிக்காகச் சென்னை வந்தார். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பை ஏற்றார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளந்த கையோடு சுவடி, கல்வெட்டுப் படி, நாணயம், ஊர் வரலாறு ஆகியவற்றையும் திரட்டினார். 1821இல் கல்கத்தாவில் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அவருடைய மனைவியாரிடமிருந்து கம்பெனி அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது.

எச். எச். வில்சன் என்பார் அத்தொகுப்புக்கு ஒரு பட்டியல் தயாரித்து 1828இல் கல்கத்தாவில் வெளியிட்டார். நூல்கள் 1,568, ஊர் வரலாற்றுக் குறிப்புகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218 என்று அது கணக்குத் தருகிறது. அதில் சமண நூல்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. தொகுப்பின் ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. ஒரு பகுதி சென்னைக்கு வந்தது. சென்னையில் இருந்தவற்றை வில்லியம் டெய்லர் ஆராய்ந்து, 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாகப் பட்டியலிட்டார். இன்று அவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. தொண்டைமண்டலத்துக் குறும்பர்கள் புழலில் கோட்டை கட்டி ஆண்டதையும், அவர்கள் சமண சமயத்தைத் தழுவியதையும், அங்குச் சமணக் கோயில் எழுந்ததையும் கூறும் மரபுச் செய்திகள் நமக்குக் கிடைத்தது இத்தொகுப்பினால்தான்.

இப்பட்டியல்களைத் திறந்தால் எங்கும் முதலில் நிற்பது மெக்கன்சி என்னும் பெயரே. ஆனால் இந்நாட்டு மொழிகளில் தமக்குப் பயிற்சி இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டவர். அப்படியானால் சுவடிகளைத் தேடியவர் யார்? கல்வெட்டுகளைப் படித்தவர் யார்? இக்கேள்வியோடு பட்டியலை மீண்டும் படித்தால், தலைப்பில் இல்லாத விடை பதிவின் உள்வரிகளில் கிடைக்கிறது.

முதற் சான்று ஒரு கட்டுரை. வங்காள ஆசியக் கழகத்தார் வெளியிட்ட ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ என்னும் ஆய்விதழின் ஒன்பதாம் தொகுதியில் சமணர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று 1807இல் வந்தது. ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடினால் மெக்கன்சியிடம் போய் நிற்கிறோம். கட்டுரையின் முழுத் தலைப்பைப் படித்தாலோ, ‘முட்கேரி’ என்று அங்கு அச்சாகியுள்ள ஊரின் சமணக் குரு ஒருவர் சொல்ல, கேவெல்லி போரியா என்பவர் மெக்கன்சிக்காக மொழிபெயர்த்தது அது என்று தெரிகிறது. இந்தப் போரியா, காவலி வெங்கட போரையா என்னும் தெலுங்கு அந்தணர். கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே, 1803இல், இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். நம் சமயத்தின் கொள்கைகளையும் ஒழுக்கங்களையும் சொன்ன குருவின் பெயரோ அத்தலைப்பில் இல்லை. ஊர் இருக்கிறது, கேட்டவர் பெயர் இருக்கிறது, சொன்னவர் பெயர் இல்லை.

இரண்டாம் சான்று ஓர் ஓவியம். தாமஸ் ஹிக்கி என்னும் அயர்லாந்து ஓவியர் 1816இல் தீட்டியது. இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பதிவின் தலைப்பில் மெக்கன்சி ஒருவர் பெயரே காணப்படும். படத்திலோ நால்வர் நிற்கின்றனர். செந்நிறச் சீருடையில் மெக்கன்சி. அவரைச் சூழ இந்நாட்டவர் மூவர். தொலைவில் குன்றின்மேல் கார்க்களத்துக் கோமடேசுவரர் திருவுருவம். மூவருள் ஒருவர் கையில் ஓலைச்சுவடி இருக்கிறது. அவர்தாம் மெக்கன்சியிடம் பணியாற்றிய சமணப் பண்டிதர் தருமையா என்பது ஆய்வாளர் கருத்து. மைசூர் நாட்டு மலேயூரைச் சேர்ந்த இவர், பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் சொன்னவர். இவருடைய பெயர் ஆங்கில எழுத்தில் பல வடிவங்களில் சிதைந்து கிடப்பதால், ஒரு வடிவத்தைக் கொண்டு தேடுவோர்க்கு மற்றவை அகப்படுவதில்லை.

போரையாவின் தம்பி இலட்சுமையா, மெக்கன்சி மறைந்தபின் அப்பணியைத் தாமே தொடர விரும்பி 1830களில் வேண்டுகோள் விடுத்தார். ஆசியக் கழகக் குழுவினர் அதற்கு இசையவில்லை. பணி செய்தவர் பெயர் தலைப்பில் ஏறாதபோது, பணியைத் தொடரும் உரிமையும் அவருக்கு வாய்க்காமற் போகிறது.

மெக்கன்சியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் திரட்டாதிருந்தால் பல சுவடிகள் கறையானுக்கு இரையாகியிருக்கும். ஆயினும் ஏட்டைக் காத்தது மட்டும் போதாது. ஏடு யாருடையது, யார் படித்துச் சொன்னார் என்பதும் காக்கப்பட வேண்டும். கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் சிந்தாமணியில் தமக்கு ஐயம் தீர்த்ததை உ. வே. சாமிநாதையரவர்கள் நன்றியோடு எழுதிவைத்தார்கள். அதனால் அன்றோ, அந்நூல் 1887இல் அச்சேறியதில் சந்திரநாத செட்டியார் போன்றோர்க்கு இருந்த பங்கை இன்றும் நாம் அறிகிறோம்!

பிறரைப் பற்றிப் பேசிய நான் என் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். என் பாட்டனார் காலத்தில் எங்கள் இல்லத்தில் மரப்பெட்டி நிறையச் சுவடிகள் இருந்தன. படியெடுத்துத் தருவதாக ஓர் அன்பர் இரண்டு கட்டுகளை வாங்கிச் சென்றார். என்ன நூல், எத்தனை ஏடு, யார் கொண்டு சென்றார் என்று எவரும் ஒரு வரி குறித்து வைக்கவில்லை. இன்று அவை ஏதேனும் நூலகத்தில் இருந்தாலும், எங்கள் வீட்டுச் சுவடி என்று அறிய எனக்கு வழியில்லை. பிழை அவருடையது மட்டுமன்று, எங்களுடையதும்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் செய்த முன்னோர், ஏட்டின் இறுதியில் எழுதியவர், எழுதுவித்தவர் பெயரையும் எழுதி முடித்த நாளையும் பொறித்து வைத்தார்கள். அவ்வழக்கத்தை நாம் மீண்டும் கைக்கொள்வோம். உங்கள் இல்லத்தில் ஒரு சுவடி இருந்தால், இந்த விழா நாள் முடிவதற்குள் ஒரு தாளை எடுங்கள். நூலின் பெயர், ஏடுகளின் எண்ணிக்கை, எவரிடமிருந்து எவருக்கு வந்தது, ஊர், இன்றைய நாள் இவற்றை எழுதுங்கள். முதலேட்டையும் கடையேட்டையும் படம் பிடியுங்கள். நூலகத்திற்குக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரும் ஊரும் பதிவில் ஏறியதா என்று கேட்டுப் பாருங்கள். நூல் பெயர் தெரியாவிட்டால் இளைஞர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். சொன்னவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.

அந்த ஓவியத்தில் தருமையா கையில் ஏட்டுடன் நிற்கிறார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவரைப் பெயர் சொல்லி அழைக்க நமக்கு முடிகிறது. முட்கேரிக் குருவை அவ்வாறு அழைக்க முடியவில்லை. நம் இல்லத்துச் சுவடிகளைக் காத்த பெரியோரை நம் பேரப்பிள்ளைகள் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு தாளும் ஒரு நாழிகைப் பொழுதுமே.