அரிப்பு: சொல்ல வெட்கப்படுகிற ஒரு சங்கதி

(செங்கல்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான் படர்தாமரை பத்திப் பேசப் போறேன். சிரிக்கிறீங்க. சிரிக்கிறவங்கள்ல சிலருக்கு இப்பவே தொடை இடுக்குல அரிச்சுக்கிட்டிருக்கும். எனக்கும் இருந்தது, ஒன்றரை வருஷம்.

நான் வங்கி எழுத்தர். நாள் முழுக்க இறுக்கமான பேண்ட்டோட கவுன்டர்ல உட்கார்ற வேலை. முதலில் இடுப்பில் காசளவு ஒரு வட்டம். மெடிக்கல் ஷாப்ல ‘அரிப்புக்கு ஒரு டியூப்’னு கேட்டேன், குடுத்தாங்க. மூணே நாள்ல சிவப்பும் போச்சு, அரிப்பும் போச்சு. நிறுத்தினேன். பத்து நாள்ல வட்டம் உள்ளங்கை அளவுக்கு வந்து நின்னுது. மறுபடியும் அதே டியூப். கடைசியில் கை வரைக்கும் ஏறி, வீட்டில் அம்மாவுக்கும் தம்பி பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த நாட்களில் கூட வேலை பார்த்த ஒருவர், கையில் தர வேண்டிய சீட்டுகளை மேசைமேல் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். என் ஆயாவுக்கு அறுப்புக் கூலியை மேலேயிருந்துதான் போடுவாங்க. அது முந்தானை ஏந்தி வாங்கும். அவர் பயந்தது என் படைக்கா, என் சாதிக்கா? படர்தாமரை ஒட்டுகிற நோய்தான், அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்றுவரை எனக்கு விடை தெரியாது. வெட்கப்பட்டு முழுக்கைச் சட்டை போட்டு மூடினேன். மூடின இடம் வேர்த்தது, வேர்த்த இடத்தில் இன்னும் படர்ந்தது.

பிறகுதான் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, ‘டியூபை எடுத்துட்டு வந்தீங்களா?’ பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார்: பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்கிற மிகக் கடுமையான ஸ்டீராய்டு. விஷயம் இதுதான். பூஞ்சை நம் தோலின் மேல்படலத்தைத் தின்று வெளிப்பக்கமாகப் பரவுகிறது. அதனால்தான் ஓரம் சிவந்து நடு வெளுத்த வட்டம். அரிப்பும் சிவப்பும் உடம்பு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்குது. பூஞ்சை சாவதில்லை, சத்தமில்லாமல் பரவுது. தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு மறையாது. எனக்கு இருக்குது.

2018 மார்ச்சில் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டு போராடி வந்தது அது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடை இருக்குது. இதற்கிடையில் பூஞ்சையே மாறிவிட்டது. டெர்பினாஃபைன் மாத்திரைக்குப் பல நேரம் மசியாத ஒரு வகைக்கு 2020இல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் அதைக் கண்டுபிடித்ததும் உலகம் பேசிற்று. நம்ம தெருவில் அதற்கு முன்பே சொறிந்துகொண்டிருந்தோம்.

‘சுத்தமா இரு’ன்னு சொல்றது சுலபம். மாமல்லபுரத்துக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் அறை துடைக்கப் போகிற நம்ம பிள்ளைங்க நாள் முழுக்க நைலான் சீருடையில் வேர்க்குதுங்க. உப்பளத்தில் நிற்கிறவர், நாற்று நடுகிறவர், ஈரத் துணியோட கரையேறுகிற மீனவர், இவங்க உடம்பு எப்போ காயும்? எட்டுப் பேருக்கு ஒரு குழாய், ஒரு துண்டு, ஒரு பாய் இருக்கிற வீட்டில் ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும்தான். தண்ணீரும் இடமும் இல்லாததற்குப் பெயர் அசுத்தம் இல்லை, தோழர்களே.

இனி, குறித்துக்கொள்ளுங்கள். அரிப்பு தாங்கலைன்னா குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைச் சற்று நேரம் வைத்து எடுங்க. பிறகு ஈரமில்லாமல் ஒற்றி எடுங்க. வெந்நீர் வேண்டாம். பூண்டு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்க. ராத்திரி தூங்க முடியலைன்னா டாக்டரைக் கேட்டு செட்ரிசின் போடலாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க. களிம்பு என்றால் குளோட்ரிமசோல் போல பூஞ்சை மருந்து மட்டும் உள்ளது. ‘சால்’, ‘சோன்’ என்று முடிகிற இன்னொரு பெயர் அட்டையில் இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் தடவாதீங்க. வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல்கடை வரை, காலை மாலை பூசணும். படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூசணும். நான் தவறியது அங்கேதான். மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரைக்கும். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கோ எல்லாரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்கணும். துண்டும் உள்ளாடையும் தனித்தனி, வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில்.

இன்னொன்று. படர்தாமரை அரிக்கும். அரிக்காமல், வெளுத்தோ சிவந்தோ, பஞ்சால் தொட்டாலும் உணர்ச்சி தெரியாத படை இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். மறைக்காதீங்க. பக்கத்திலேயே திருமணியில், 1955இல் மத்திய அரசு தொடங்கிய தொழுநோய் நிறுவனம் இருக்குது. மருந்து இலவசம், முழுசாக் குணமாகும். தொழுநோயாளிகளை அடைத்து வைக்க வெள்ளைக்காரன் 1898இல் போட்ட சட்டத்தை 2016இல்தான் எடுத்தாங்க. தோலைப் பார்த்து ஆளை ஒதுக்குகிற ஊர் இது.

எனக்குக் குணமாக நாலு மாதம் ஆச்சு. அம்மாவுக்கு ஐந்து. கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து கேட்கிறவங்க கேளுங்க. நான் அந்த டீக்கடை பெஞ்சில்தான் இருப்பேன். டியூபை எடுத்துட்டு வாங்க, சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்.