கல்லறைக் காவலனிடம் ஒரு கேள்வி

(பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் பேசியதை மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். பேசியபடியே எழுதியிருக்கிறேன். இதை வீட்டில் உட்கார்ந்து படிக்கும் அன்பரே, நீங்களும் முன்வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பிற்பகலில் ஆலய மண்டபத்தில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்கிறான் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. "பகடை உருட்டுறாங்களாம்", "கல்லறை, பேய்னு பேசுறாங்களாம்" என்று என் காதுக்கே வந்தது. தலைமையாசிரியரிடமும் ஒரு தாய் முறையிட்டிருக்கிறார். அது தவறில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் ஆடுவது ஒரு கதை விளையாட்டு. காய் இல்லை, கட்டம் இல்லை, காசு கட்டுவதும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருத்தி வாள்வீரி, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரன். "எதிரே ஒரு கதவு, என்ன செய்யப்போறே?" என்று கதை நடத்துபவர் கேட்பார். பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். சொன்ன காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் பகடை. பரமபதத்தில் பகடை சொன்னபடி ஏறுவோம், பகடை சொன்னபடி பாம்பின் வாயில் விழுவோம். நமக்கு அங்கே யோசனையே தேவையில்லை. இதிலோ பிள்ளை யோசித்துச் சொன்ன பிறகுதான் பகடைக்கு வேலை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. முதலில் போட்டது 1,000 பெட்டிகள்தான். பிறகு உலகமெல்லாம் பரவிவிட்டது. கோலாலம்பூரில் படித்தபோது விடுதியில் ஒரு சீன நண்பன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். 1980-களில் அமெரிக்கத் தாய்மாரும் நம் தாய்மாரைப் போலவே பயந்தார்கள். இது பேய் வழிபாட்டில் கொண்டுபோய் விடும் என்று இயக்கமே நடத்தினார்கள். காலப்போக்கில் அந்தப் பயம் அடங்கிவிட்டது.

கல்லறைப் பேச்சு அபசகுனம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தோட்டங்களில் விடிய விடிய அரிச்சந்திர நாடகம் போட்ட காலம் உண்டு. சத்தியத்துக்காக விலைபோன ராஜா சுடுகாட்டுக்குக் காவல் நிற்கிறான். பெற்ற பிள்ளையைத் தூக்கிவந்த மனைவியிடமே கூலி கேட்கிறான். அந்த மயான காண்டத்துக்கு அழாத தாய் உண்டா? சுடுகாட்டுக் காவல்காரன் நமக்குப் பழைய உறவுக்காரன்தான்.

இந்த விளையாட்டில் புகழ்பெற்ற கல்லறை ஒன்று உண்டு. 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று பெயர். பயங்கரங்களின் கல்லறை என்று சொல்லலாம். கைகாக்ஸ் எழுதியது. 1975-இல் ஒரு விளையாட்டு மாநாட்டில் போட்டியாக ஆடி, 1978-இல் புத்தகமாக வந்தது. வாளை வீசியே வென்று பழகியவர்களின் கர்வத்தை அடக்கக் கட்டிய கல்லறை அது. போலி வாசல்கள் இருக்கும். சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பேய்முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று நுழைந்தவன் அத்தோடு காணாமற்போவான். அதை அப்படியே நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் முதல் அரைமணியில் ஆறு பேரும் செத்துப்போவார்கள். ஆகவே நானே ஒரு கல்லறை கட்டினேன்.

கட்டுவதற்கு முன் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் புக்கிட் மெலாவத்திக்குக் கூட்டிப்போனேன். கோலசிலாங்கூரில் பிறந்து குரங்குக்குக் கச்சான் போட மட்டுமே அங்கே போகிறோம் என்பது எனக்கு வெகுநாள் வருத்தம். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த கோட்டை அது. மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. தலை வெட்டிய கல் என்று சொல்லும் பத்து ஹம்பாரைக் காட்டினேன். அடிவாரத்தில் துரோகிகளை இறக்கி வதைத்ததாகச் சொல்லும் நச்சுக் கிணற்றையும் பார்த்தோம். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் துயில்கின்ற அரச சமாதி அந்தக் குன்றில்தான் இருக்கிறது. அங்கே 'பெங்காவா' என்ற பெயருடைய ஒரு பழம் பீரங்கி காவல் இருக்கிறது. செருப்புச் சத்தம்கூட வராமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வேனில் வரும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: "அது அரச குடும்பத்தின் புனித இடம். நம்ம விளையாட்டுக்கு அதை எடுக்கக் கூடாது." அதனால் சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் இல்லாத ஒரு தீவை உண்டாக்கி, இல்லாத ஒரு ராஜாவை அங்கே புதைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. மண்டபத் தகரக் கூரையில் சத்தம் தாங்கவில்லை. ஆறு பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். படகில் புறப்பட்டார்கள். கம்போங் குவாந்தானில் இருப்பதுபோலக் கரையெல்லாம் பெரெம்பாங் மரம், மரமெல்லாம் மின்மினி. அந்த வெளிச்சத்திலேயே வழி கண்டுபிடித்தார்கள். தீவில் ஒரு கிணறு வைத்திருந்தேன். குடித்தால் மயக்கம். மெலாவத்தியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளாயிற்றே, ஒருவரும் தொடவில்லை! நான் மெனக்கெட்டு வைத்த கண்ணி வீணாகிவிட்டது.

கடைசியில் கல்லறை வாசல். வாசலில் ஒரு காவலன். கையில் நீண்ட வாள். என் நோட்டில் அவனைப் பற்றி எழுதியிருந்தது மூன்றே வரி: எவ்வளவு உயரம், வெட்டு எவ்வளவு பலம், எத்தனை அடிக்கு விழுவான்.

"நெருப்பு விடுறேன் சார்!" என்று மந்திரவாதிப் பையன் குதித்தான். அப்போது நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். பெயர் வேண்டாம், கூச்சப்படுவாள். வகுப்பில் கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். இத்தனை வாரமும் "வெட்டுறேன்", "ஓடுறேன்" என்று ஒற்றை வார்த்தையில்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

"சார், அவரு எவ்ளோ நாளா நிக்கிறாரு?"

"இருநூறு வருஷமா."

"சாப்ட்டாரா?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டைப் புரட்டினேன், அதில் விடை இல்லை. வகுப்பில் நாம் கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை நமக்கு முன்பே தெரியும். பிள்ளைக்கும் அது தெரியும். இங்கே எனக்கே தெரியாத ஒன்றை அவள் கேட்டுவிட்டாள். காவலனாகவே குரலை மாற்றிப் பதில் சொன்னேன்.

"இல்லை."

"சம்பளம்?"

"ராஜா செத்த மாசத்தோட நின்னுபோச்சு."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

"போகச் சொல்லி யாரும் சொல்லலையே."

பூட்டுக்காரப் பையன், "சார், முனியாண்டி சாமிக்கு வைக்கிற மாதிரி ஒரு சுருட்டு வைக்கலாமா?" என்றான். பாருங்கள், காவல் நிற்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுருட்டு வைத்தார்கள். காவலன் மனம் இளகுமா என்பது சந்தேகம்தான், உருட்டச் சொன்னேன். இருபது முகப் பகடை. அந்தப் பிள்ளைதான் உருட்டினாள். விழுந்தது மூன்று.

"விட்டுடுங்க சார்" என்று எல்லாரும் கெஞ்சினார்கள். எனக்கும் விட்டுவிட ஆசைதான். ஆனால் ஒருதடவை விட்டுக்கொடுத்தால் பிறகு பகடையை யார் நம்புவார்கள்? காவலன் வாளை ஓங்கினான்.

அவள் தன் வாளைக் கீழே வைத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு, "தாத்தா, ராஜா இப்ப இல்ல. நீங்க வீட்டுக்குப் போங்க. இங்க நாங்க பாத்துக்குறோம்" என்றாள். அந்த மண்டபத்தில் அவள் அதுவரை பேசியதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு நீளம் வராது.

சந்தேகம் இருந்தால்தான் பகடை என்று முதலில் சொன்னேன் அல்லவா? இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை. பகடை கேட்கவில்லை. காவலன் வாளைப் படியில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்தான். "ரூல்ஸ் மீறிட்டீங்க சார்" என்று மந்திரவாதிப் பையன் இன்றும் சண்டை பிடிக்கிறான்.

அதற்குப் பிறகுதான் பெரிய தகராறு. "நாங்க பாத்துக்குறோம்னு சொல்லிட்டு நாமே எடுக்கலாமா?" என்று நாலு பேர். "புதையலுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்!" என்று இரண்டு பேர். அரைமணி நேரம் வாதம். நான் வாய் திறக்கவில்லை. நல்ல தமிழ், கெட்ட தமிழ், நடுவில் மலாய், எல்லாம் கலந்து வாதாடினார்கள். கடைசியில், படகுக்கூலி என்று ஆளுக்கொரு பொற்காசு மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை மூடிவிட்டு வந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் பாட்டி மண்டபத்துக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தூணோரம் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்த பிறகுதான் பேசினார். அவருடைய வீட்டுக்காரர் ஒரு தோட்டத்தில் கித்தா ஸ்டோருக்கு ஜாகாவாக இருந்தவராம். தோட்டம் கைமாறி, லயத்து ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போன பிறகும், "உன் வேலை முடிஞ்சது" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையாம். மூன்று மாதம் சம்பளமில்லாமல், இரவானால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காலியான ஸ்டோருக்குப் போய்வந்தாராம். கடைசியில் பாட்டிதான் ஒருநாள் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாராம். பேத்திக்கு இந்தக் கதை தெரியும்.

புறப்படும்போது என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, உங்க கதையில அந்த ஜாகா வீடு போய்ச் சேந்தாரா?"

"தெரியலம்மா. அடுத்த சனிக்கிழமை ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "நானும் வர்றேன்" என்றார்.

பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குவோம். பயந்த தாய்மார்களும் வந்து தூணோரம் உட்காரலாம்.