பெரிய கம்பனிக்கு நாமும் சாமான் கொடுக்கலாம்

(தோட்ட மகளிர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அடுப்பு வேலையையும் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

நம்ம தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் கேரட், லீக்ஸ், கோவா போடாத வீடு குறைவு. சிலர் மாடு வளர்க்கிறார்கள். தையல் தெரிந்த தங்கச்சிமார் இருக்கிறார்கள். விளைந்ததை யாருக்குக் கொடுக்கிறோம்? லொறியோடு வருகிற முதலாளிக்கு. அவர் சொல்வதுதான் விலை, அவர் தராசுதான் தராசு. அதே கேரட் டவுன் ஹோட்டலுக்குப் போகும்போது விலை வேறு. அந்த ஹோட்டலுக்கு நாமே ஏன் கொடுக்க முடியாது? இதுதான் இன்றைய பேச்சு.

இந்தக் கேள்வியை நமக்கு முன்னாலேயே அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கேட்டார்கள். அவர்களும் அந்த நாட்டில் சிறுபான்மை. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் பிள்ளைகள். போராடித்தான் 1964-ல் குடியியல் உரிமைகள் சட்டத்தைப் பெற்றார்கள். அதே 1964-ல்தான் இங்கே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்ம ஆட்களை எண்ணி, இத்தனை பேர் அந்த நாட்டுக்கு, இத்தனை பேர் இந்த நாட்டுக்கு என்று பங்கு போட்டார்கள்.

சட்டம் வந்தபிறகும் அவர்கள் கையில் பெரிய தொழில் வரவில்லை. சிறு கடை, சலூன், தையற்கடை என்று இருந்தார்கள். வங்கி கடன் கொடுக்க யோசித்தது. பெரிய கம்பனிகள் ஆணி வாங்கினாலும் பெட்டி வாங்கினாலும் தங்களுக்குத் தெரிந்த ஆட்களிடமே வாங்கின. ரொம்ப இடத்தில் பகை என்றுகூட இல்லை, அறிமுகம் இல்லை. சாமான் இருந்தது, வாங்குகிறவன் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

1969 மார்ச் மாதம் ஜனாதிபதி நிக்சன் ஓர் உத்தரவு போட்டு, சிறுபான்மையினர் தொழிலுக்கென்று வர்த்தகத் திணைக்களத்தில் ஒரு பணிமனையைத் திறந்தார். 1972-ல் கம்பனிகளையும் சிறுபான்மைத் தொழிலாளரையும் இணைக்கிற ஒரு தேசியச் சபை தொடங்கியது. அதன் வேலை தானம் கொடுப்பதல்ல, அறிமுகம் செய்து வைப்பதுதான்.

எப்படிச் செய்கிறார்கள்? முதலில் ஒரு சான்றிதழ். தொழிலில் 100-க்கு 51 பங்காவது சிறுபான்மையினர் கையில் இருக்க வேண்டும். அவர் அந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். இன்ன ஊரில் இன்னார், இன்ன சாமான் செய்கிறார் என்று கம்பனியின் கொள்வனவு அதிகாரி அதில் பார்க்கலாம். பிறகு கண்காட்சி வைப்பார்கள். ஒரு மேசையில் வாங்குகிறவர், எதிரே விற்கிறவர். கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதற்குள் நான் யார், என்ன செய்கிறேன், எவ்வளவு தர முடியும் என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த 51 பங்குக் கணக்கு ஏன் தெரியுமா? அங்கேயும் கள்ள வேலை உண்டு. பெயருக்கு ஒரு கறுப்பினத்தவரை முதலாளி என்று எழுதிவிட்டு, இலாபத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வார். அதனால்தான் சபைக்காரர்கள் இடத்துக்கே வந்து பார்க்கிறார்கள். செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார், ஆளை யார் வேலைக்கு எடுக்கிறார் என்று விசாரிக்கிறார்கள். இதை மனசில் வையுங்கள் அக்காமாரே. நாளைக்கு ஒருவர் வந்து, "உங்க சங்கத்துப் பேரை மட்டும் கொடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பணிமனையை 2021-ல் சட்டத்தால் நிரந்தரமாக்கினார்கள். 2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப், சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த அளவுக்கு அதைச் சுருக்கும்படி உத்தரவு போட்டார். அரசாங்கத்தின் சலுகை வரும், போகும். நல்ல சாமானைச் சொன்ன நாளில் கொடுத்தவன் என்ற பேரை யாரும் உத்தரவு போட்டு எடுக்க முடியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோசனம்.

சில வருஷத்துக்கு முன்னால் நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தபோது, 12 பெண்களைச் சேர்த்து ஒரு ஹோட்டலுக்கு மரக்கறி கொடுக்க ஏற்பாடு செய்தேன். அங்கே சமையல்கட்டுப் பெரியவரைப் பார்த்துப் பேசினேன். நல்ல மனுஷர். "கொண்டு வாங்க, எடுத்துக்கிறோம்" என்றார். அந்த வார்த்தையே போதும் என்று வந்துவிட்டேன். மூன்று வாரம் கழுவி, தரம் பிரித்து, ஓட்டோ வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். காசு வரவில்லை. கேட்கப் போனால் கணக்குப் பிரிவில், "உங்க பேரில் ஓடரே இல்லையே" என்றார்கள். அப்போதுதான் புரிந்தது. சாமானை வாங்குவது சமையல்கட்டு, காசைக் கொடுப்பது ஆபீஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசி வேண்டும். அந்தக் கடதாசியை நான் வாங்கவில்லை.

அலைந்து திரிந்து 70 நாள் கழித்துத்தான் காசு வந்தது. அதற்குள் ஓர் அக்கா விதைக்கும் ஓட்டோவுக்கும் என்று தோட்டை அடகு வைத்துவிட்டார். இலாபமாக வந்தது வட்டிக்கே போனது. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "சார், அடுத்த தடவை எழுதி வாங்குங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் இன்றைக்கு உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஒன்று, பெயர். 1948-ல் பிரஜாவுரிமை போனதால் நம்ம தாத்தா பாட்டிமாருக்குக் கடதாசி என்றாலே பயம். மிச்சமாக இருந்தவர்களுக்கும் 2003-ம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்தது. இன்று அடையாள அட்டை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்டு வியாபாரப் பெயரைப் பதியலாம். வங்கிக் கணக்கைச் சங்கத்தின் பேரில், ஒருவர் தனியாக எடுக்க முடியாதபடி திறக்க வேண்டும்.

இரண்டு, அளவு. ஒரு வீட்டுக் கேரட்டைக் கம்பனி திரும்பியும் பார்க்காது. பாலைப் பாருங்கள். ஒரு வீட்டில் 5 லீட்டர், இன்னொரு வீட்டில் 8 லீட்டர். சேகரிக்கிற இடத்தில் ஒன்றாகும்போதுதான் கம்பனி லொறி வருகிறது. ஆனால் ஒருவர் தண்ணீர் கலந்தால் எல்லோர் பாலும் கெடும். மரக்கறியிலும் அப்படித்தான். வாரம் 50 கிலோ முடியும் என்றால் 40 என்று சொல்லுங்கள். 100 என்று சொல்லி 60 கொடுத்தால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

மூன்று, எழுத்து. என்ன தரம், எத்தனை கிலோ, என்ன விலை, ஓட்டோக் கூலி யாருடையது, திருப்பி அனுப்பினால் நட்டம் யாருக்கு, எத்தனையாம் நாள் காசு. இந்த ஆறையும் எழுதி வாங்காமல் ஒரு கூடைகூட ஏற்றக்கூடாது. கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் பில் இரண்டு பிரதி, ஒன்றில் அவர்கள் கையெழுத்து. கொழுந்து மடுவத்தில் சாக்குக்கும் தண்ணீருக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று சண்டை பிடித்துக் கேட்கிறோமே, அந்தக் கண் இங்கேயும் வேண்டும்.

நான்கு, பொறுமைக்குக் காசு. பெரிய கம்பனி கையோடு காசு தராது. 30 நாள், 60 நாள் என்று சொல்லும். அமெரிக்காவிலும் சிறு தொழிலாளரை முறிப்பது இதுதான். அவ்வளவு நாள் தாங்க நம்மிடம் சேமிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் பாதியை ஹோட்டலுக்கும் பாதியைச் சந்தைக்கும் கொடுப்போம். ஒரே ஆளை நம்பி எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம். தோட்டை அடகு வைக்க வேண்டாம்.

பயிர் போடுகிற நிலம் தோட்டத்துடையது. அதற்குத் தோட்ட ஆபீஸில் கேட்டு அனுமதி வாங்குவது என் பொறுப்பு. ஹோட்டலில் ஓடர் கடதாசி வாங்குவதற்கு இந்தத் தடவை நான் மட்டும் போகப் போவதில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேர் என்னோடு வர வேண்டும். பேசவும் வேண்டும். சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போவோம்.

விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அடையாள அட்டையோடு வாருங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ நிச்சயமாகத் தரலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டு வாருங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். அதிலிருந்து ஆரம்பிப்போம்.