யாருடைய நோக்கத்தை விசாரிப்பது?

  இறைப்பணியைச் சரியான நோக்கத்தோடு செய்வது பற்றிச் சிந்திக்கக் கூடியிருக்கிறோம். தமிழில் நோக்கம் என்ற சொல்லில் பழுதில்லை. அதன் முன்னே ‘உள்’ வந்து ஒட்டிக்கொண்டால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. உள்நோக்கம் என்றாலே எதையோ மறைக்கிறான் என்று பொருள். ஆனால் எந்த நோக்கம்தான் உள்ளே இல்லாமல் வெளியே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு திருச்சபை எப்படி விசாரிப்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. வழக்கமாக நாம் சொல்லும் விடை, அவரவர் தம்மைத்தாமே சோதித்துப் பார்க்கட்டும் என்பது. சொல்லிவிட்டு ஜெபத்தோடு கலைந்துவிடுகிறோம். அந்த விடை போதாது என்பது என் வாதம். ஊழியரின் நோக்கம் அழைப்புப் பெற்ற நாளில் ஒரே தடவையில் முடிவாகிவிடுவதில்லை. ஊழியக் காலம் முழுவதும் அது திரிந்துகொண்டும் திருந்திக்கொண்டும் இருக்கிறது. அதைத் திருத்தும் பொறுப்பில் ஊழியரின் மனச்சாட்சிக்குப் பங்கு இருப்பதுபோலச் சபையின் ஒழுங்குக்கும் பங்கு உண்டு.

நோக்கத்தை விசாரிப்பது இந்தியத் திருச்சபைக்குப் புதிதல்ல. நெடுங்காலம் அந்த விசாரணை ஒரு திசையில்தான் நடந்தது. கிராமம் கிராமமாக மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தபோது, சோற்றுக்காக வந்தார்களா ஆண்டவருக்காக வந்தார்களா என்று மிஷனெரிகளும் கேட்டார்கள், மிஷன்களை எதிர்த்தவர்களும் கேட்டார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளை நாடி வந்ததும் அந்தக் கேள்வி இன்னும் உரத்து எழுந்தது. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சீமையில் ஊழியம் செய்த மிஷனெரி கால்டுவெல் அதை நேர்மையாக எதிர்கொண்டிருந்தார். கல்வியும் போதனையும் எட்டாத மக்களிடம் முதல் நாளிலேயே உயர்ந்த நோக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பதே 1857இல் வெளியான அவரது திருநெல்வேலி மிஷன் சொற்பொழிவுகளில் காணும் நிலை. பின்னர் 1933இல் பிக்கட் என்ற மெதடிஸ்ட் மிஷனெரி, இந்தியாவில் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த இயக்கங்களைப் பற்றிய பெரும் ஆய்வொன்றை வெளியிட்டார். ஏன் கிறிஸ்தவரானீர்கள் என்று பல பகுதிகளில் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டு, வந்த விடைகளை ஆன்மிகக் காரணம், உலகியல் காரணம், சமூகக் காரணம், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தது என்று நான்காக வகுத்தார். அவர் கண்ட முடிவு நமக்கு மிக முக்கியமானது. உள்ளே வரும்போது ஒருவர் என்ன நோக்கத்தோடு வந்தார் என்பதைவிட, வந்தபின் அவருக்குக் கிடைத்த போதனையும் பராமரிப்பும் அவர் வாழ்வைத் தீர்மானிப்பதில் குறைந்தவை அல்ல என்று அவர் வாதிட்டார்.

அந்த விசாரணையில் கேள்வி கேட்டவர்கள் ஊழியர்கள், பதில் சொன்னவர்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்த எளியவர்கள். பிக்கட்டின் கேள்வியை ஊழியர் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும்? ஏன் ஞானஸ்நானம் பெற்றாய் என்பதற்குப் பதிலாக, ஏன் குருப்பட்டம் பெற்றாய் என்று கேட்டால்? ஒரே விடை வராது என்றே நினைக்கிறேன். ஆண்டவர் மீதுள்ள அன்பு இருக்கும். அதோடு குடும்ப மரபும், மேடையின் ஈர்ப்பும், மாதச் சம்பளத்தின் நிச்சயமும், ஊரில் கிடைக்கும் மரியாதையும் கலந்திருக்கும். இதைக் கண்டு அதிர்ச்சியடையத் தேவையில்லை. நற்செய்தி நூல்கள் முதல் சீடர்களைப் பற்றி இதைத்தான் ஒளிக்காமல் சொல்கின்றன. செபதேயுவின் மக்கள் இருவரும் வலப்புற இடத்தையும் இடப்புற இடத்தையும் கேட்டார்கள். எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு வாய்விட்டே கேட்டார். கடைசி இராப்போஜன மேசையிலும் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் அடங்கவில்லை. இவர்களில் ஒருவரையும் இயேசு நோக்கம் சரியில்லை என்று திருப்பி அனுப்பவில்லை. கூடவே வைத்துத் திருத்தினார். தூய்மை ஊழியத்துக்கு நுழைவுச் சீட்டாக இருந்திருந்தால் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள். திருத்தத்துக்கு இடம் கொடுத்தவர்கள் அப்போஸ்தலர்கள் ஆனார்கள் என்பதே அந்தக் கதையின் சாரம்.

அந்தப் பன்னிருவரில் ஒருவர் மட்டும் வேறு வழி போனார். யோவான் நற்செய்தி யூதாஸைப் பற்றிச் சொல்லும்போது பணப்பை அவரிடம் இருந்ததையும், அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டதையும் குறிப்பிடுகிறது. இதன் பக்கத்தில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை வைத்துப் படிக்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோக ஒப்பவில்லை. சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவர் கூடவே பயணம் செய்ய ஏற்பாடாகிறது. கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் காரியம் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். தம் உள்ளத்தைப் பற்றிப் பவுலுக்குச் சந்தேகம் இருந்ததாக அங்கே ஒரு குறிப்பும் இல்லை. இருந்தும் தம் உள்ளத்தையே சாட்சியாகக் காட்டி அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. பைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளை நிறுத்தினார். நோக்கத்தைப் பற்றிய புதிய ஏற்பாட்டு இறையியலில் கணக்குக்கும் இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

பணத்தைத் தொடாமல் இருப்பதே தூய நோக்கத்தின் அடையாளம் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகிவிடும். கொரிந்துவில் பவுல் உதவி வாங்க மறுத்தார். கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். ஆனால் பிலிப்பி சபை அனுப்பியதை நன்றியோடு ஏற்றார். நற்செய்தியை அறிவிக்கிறவர் அதனாலே பிழைக்க உரிமை உண்டு என்று கொரிந்தியருக்கே நீளமாக வாதாடினார். வாங்குவதும் வாங்காததும் அவருக்கு அளவுகோல் அல்ல. வாங்குவதால் செய்தி மாறுகிறதா என்பதே அளவுகோல். தேவவசனத்தைக் கலப்படம் செய்கிறவர்களைக் கண்டிக்கும்போது அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் சில்லறை வியாபாரத்தைக் குறிப்பது. திராட்சரசத்தில் தண்ணீர் கலந்து விற்கிறவரின் நினைவு அதில் உண்டு. கடைக்காரரின் மனதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் சரக்கில் கலப்படம் இருந்தால் வாங்குகிறவரின் நாக்குக்குத் தெரியும். பணக்காரர் கோபித்துக்கொள்வார் என்று ஒரு வசனம் பிரசங்கத்திலிருந்து காணாமல் போனால், சாதியைப் பற்றி வாய் திறக்க வேண்டிய இடத்தில் ஒரு போதகர் பரலோகத்தைப் பற்றிப் பேசி நகர்ந்துவிட்டால், நோக்கம் வெளியே வந்துவிட்டது.

ஆதிச் சபை இதை எவ்வளவு நடைமுறையாகப் புரிந்துகொண்டிருந்தது என்பதற்கு ‘டிடாக்கே’ என்ற பழைய நூல் சான்று. பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்த நூலின் பிரதியைக் கிரேக்க ஆயர் பிலோதியோஸ் பிரையெனியோஸ் 1873இல் கண்டெடுத்து, 1883இல் வெளியிட்டார். ஊர் ஊராக வரும் ஊழியரை எப்படி ஏற்பது என்பதற்கு அது விதிகள் தருகிறது. ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள்; மூன்றாம் நாளும் தங்கினால் அவர் பொய்யர். புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும் கொடுக்கலாம். பணம் கேட்டால் அவர் பொய்யர். அவர் இருதயத்தில் என்ன இருக்கிறது என்று ஆராய அது சபையைத் தூண்டவில்லை. சோற்றிலும் பணத்திலும் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கச் சொல்கிறது. அதே நூல், உண்மையான தீர்க்கதரிசி ஓர் ஊரில் நிலையாகத் தங்க விரும்பினால் அவருக்கு முதற்பலன்களைக் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஊழியரைப் பட்டினி போட்டுவிட்டு அவர் தூய்மையைப் பாராட்டும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

நம் மண்ணின் வரலாற்றில் இந்தச் சோதனைக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் உழைத்து, 1798இல் மறைந்தவர். 1779இல் சென்னையின் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவரை மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். முடிவில் அது தஞ்சையில் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்பட்டது. கையூட்டுக்கு மசியாத இந்த ஊழியரைத் தஞ்சை மன்னரும் ஹைதரும் ஒருங்கே நம்பினார்கள். ஆனால் அந்தத் தூது சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. அடுத்த ஆண்டே ஹைதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. இங்கே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. தனிமனிதனின் தூய்மையை, தூய்மையற்ற ஒரு நிறுவனம் தன் வேலைக்குக் கடன் வாங்கிக்கொள்ள முடியும். என் கை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் ஊழியர், என் சுத்தமான கையை யார் பிடித்து நடத்துகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அதனால்தான் நோக்கத்தை விசாரிக்கும்போது அனுப்பப்பட்டவரோடு சேர்த்து அனுப்புகிறவர்களையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பணத்தைவிட ஆழமான இன்னொரு கலப்பும் உண்டு. மந்தையை மேய்ப்பது பற்றிப் பேதுருவின் முதல் நிருபம் மூன்று தவறான நிலைகளை அடுக்குகிறது: கட்டாயம், இழிவான ஆதாயம், மந்தையின் மேல் அதிகாரம் செலுத்துதல். முதல் இரண்டும் எளிதில் தெரியும். மூன்றாவது தியாகத்தின் உடையில் வரும். இதை உலக அரங்கில் எடுத்துக் காட்டியவர் திருநெல்வேலி மண்ணிலிருந்து போன வே. ச. அசரியா. 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், அயல்நாட்டு ஊழியர்களின் உழைப்புக்கும் ஈகைக்கும் இந்தியச் சபை நன்றியுடையது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் நட்பைக் கேட்டார். கொடுப்பவர் உயரத்தில் நின்று கொடுக்கும்போது அன்பு ஆளுகையாகிவிடுகிறது என்பது அவர் குறையின் உட்பொருள். அவர் குறை சொன்னதோடு நிற்கவில்லை. 1903இலேயே, இந்தியரின் பணத்தையும் இந்தியரின் ஆட்களையும் கொண்டே இயங்கும் இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் தோன்றியபோது அதில் முன்னின்றவர் அவர். அயல்நாட்டாரைச் சுட்டிய அந்த விரல் இன்று எந்தப் பக்கம் திரும்பும் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நகரத்துச் சபை வடநாட்டுப் பணித்தளத்துக்குக் கொடுக்கும்போதும், பட்டம் பெற்றவர் உபதேசியாரிடம் பேசும்போதும், அதே உயரம் நம் குரலிலும் ஏறிக்கொள்கிறது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. பொறாமையினால் பிரசங்கித்தாலும் கிறிஸ்து அறிவிக்கப்பட்டால் சந்தோஷமே என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதவில்லையா என்பது ஒன்று. எழுதினார், ஆனால் அவர் மகிழ்ந்தது செய்தி போய்ச் சேர்ந்ததற்காக, அந்தப் பிரசங்கிகளுக்காக அல்ல. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்திலேயே, எல்லாரும் தங்கள் காரியத்தைத் தேடும்போது தீமோத்தேயு ஒருவர்தான் உண்மையாய்க் கவலைப்படுகிறவர் என்று வருந்துகிறார். இரண்டாவது மறுப்பு, குறையுள்ள ஊழியர் தரும் திருவருட்சாதனம் செல்லாது என்று வாதிட்ட தொனத்திஸ்துகளோடு ஆதிச் சபையில் நடந்த வழக்கிலிருந்து வருவது: ஊழியரின் குறையால் திருவருட்சாதனம் கெடுவதில்லை என்ற நிலைதானே 411இல் கார்த்தேஜில் வென்றது? வென்றது. ஆனால் அந்த நிலைக்காக வாதாடிய அகுஸ்தீனே, தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைப் பற்றி எசேக்கியேலை வைத்துக் கடுமையாகப் பிரசங்கித்தார். சாதனம் செல்லும் என்பது பெற்றுக்கொள்கிறவருக்குப் பாதுகாப்பு. கொடுக்கிறவருக்குச் சாக்கு அல்ல. மூன்றாவது, இருதயத்தை ஆராய்கிறவர் தேவன் ஒருவரே, மனிதர் தீர்ப்பிடலாமா என்பது. காலத்துக்கு முன்னே தீர்ப்பிடக் கூடாது என்று எழுதிய பவுல், அதே இடத்தில் உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாகக் காணப்பட வேண்டும் என்கிறார். காணப்படுவதென்றால் பிறர் கண்ணுக்குத் தெரிவது. இருதயம் தேவனுடைய வேலை. உக்கிராணக் கணக்கு நம்முடைய வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஒன்று வேவு பார்க்கிறார்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

ஆகவே அடுத்து வரும் அமர்வுகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளை ஒரு கேள்வியோடு கேளுங்கள் என்று வேண்டுகிறேன். நல்ல ஊழியர் யார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஊழியரை நல்லவராகவே இருக்க விடும் சபை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். உபதேசியாருக்குப் பிழைக்கப் போதுமான சம்பளம், காணிக்கைக் கணக்கு சபைக்கு முன்னே வாசிக்கப்படும் வழக்கம், பதவி முடிந்த ஆயர் சாதாரணப் பிரசங்கியாகத் திரும்பி வருவதை அவமானமாக நினைக்காத மனப்பாங்கு, இளம் போதகரைத் தனியே அழைத்துக் கண்டித்துச் சொல்லத் துணியும் மூப்பர்: இவை ஆன்மிகத்துக்கு வெளியே உள்ள நிர்வாகக் காரியங்கள் அல்ல. நோக்கம் திருந்துவதற்கு வழியே இவைதான். பஞ்ச காலத்தில் சபையின் வாசலுக்கு வந்து நின்றவர்களிடம் நாம் எதற்காக வந்தாய் என்று கேட்டோம். அவர்களில் பலர் பசியோடு வந்து, போதனையால் விசுவாசிகளானார்கள். கேட்டவர்களுக்கு அவர்கள் தந்த விடை அவர்கள் வாழ்வாகவே இருந்தது. அதே கேள்வியை அதே பொறுமையோடு இன்று நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம் என்ற நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.