ஓடாத மீன்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். ஒரு நாள் நண்பகலில் மாணவர் சிலர் அருகிலிருந்த வாய்க்காலிலிருந்து கெண்டை மீன்களை வெறுங்கையாலேயே பிடித்து வந்தனர். "ஐயா, மீன் ஓடவே இல்லை!" என்று கூறி மகிழ்ந்தனர். நானும் அவர்களைப் பாராட்டினேன். முதல் நாள் மேலண்டை வயல்களில் பூச்சிமருந்து தெளித்ததை நான் அறிவேன். ஆயினும் இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அம்மீன்கள் குழம்பாயின. நல்வேளையாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. அதில் என் அறிவுக்குப் பங்கில்லை.

மீன் ஏன் ஓடவில்லை? வாலை வீசுமாறு நரம்பு இடும் கட்டளையைத் தசையிடம் சேர்ப்பது அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். அதைக் கரும்பலகையில் எழுதிய எழுத்துக்கு ஒப்பிடலாம். எழுதியதை அழித்தாலன்றி அடுத்த பாடத்தை எழுத இயலாது அன்றோ? அதனை அழிக்கும் துணியாக விளங்குவது அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி.

மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலிய கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் இந்நொதியைப் பற்றிக்கொண்டு வேலை செய்யவொட்டாமல் தடுக்கின்றன. பூச்சியைக் கொல்வதும் இவ்வாறே. வயல்நீரோடு வாய்க்காலில் கலந்தால், மீனின் மூளையிலும் தசையிலும் உள்ள அதே நொதியைத் தாக்குகின்றன. எழுத்தின்மேல் எழுத்தேறிப் பலகை குழம்பிவிடுகிறது. தசை முதலில் துடிக்கிறது; பின்னர் ஓய்கிறது. மீன் தள்ளாடுகிறது, கொக்கு வந்தாலும் விலகுவதில்லை.

மீன் செத்து மிதந்தால்தான் நீர் கெட்டது என்று நாம் கருதுகிறோம். அது பிழை. 1961-ஆம் ஆண்டில் எல்மன் என்பாரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வுமுறை ஒன்று உண்டு. மீன் மூளையின் சாற்றில் உரிய பொருள்களைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நொதி செவ்வனே இயங்கினால் நிறம் விரைவில் முதிரும், நஞ்சேறியிருந்தால் மந்தமாகும். நீந்திக்கொண்டிருக்கும் மீனும் நஞ்சுண்டதே என்பதை அந்த மஞ்சள் காட்டிவிடும். நீர் தெளிந்த பின்னரும், புது நொதி ஊறும் வரை மீன் முற்றும் தேறாது; அதற்குப் பல நாட்கள், சில வேளை வாரங்களும் செல்லும்.

இந்நொதி மீனுக்கு மட்டும் உரியதன்று. நம் குழந்தைகளின் உடலிலும் உள்ளது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் பீகார் மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். அச்செய்தியைப் படித்த அன்று, மீனும் கையுமாக நின்ற என் மாணவர்களே கண்முன் தோன்றினர்.

ஆதலால் உழவர் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர். மழை வரும் வேளையில் மருந்து அடிக்காதீர். அடித்த பின் சில நாட்களேனும் வயல்நீரை வடியவிடாதீர். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: ஆளைக் கண்டு ஓடாத மீன் உண்ணத் தக்கதன்று. நான் அன்று சொல்லத் தவறிய பாடம் அதுவே.