ஆளிருக்கும் கட்டடத்தைப் புதுக்குதல்

(திருச்சிராப்பள்ளியில் கூடிய நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் மாணவர் விடுதியைப் பழுது பார்த்துப் புதுக்குவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானமாயிற்று. பிள்ளைகளை வேறிடத்திற்கு மாற்றாமல், அவர்கள் உள்ளே இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்பது அன்பர்கள் சிலருடைய கருத்து. வாடகைச் செலவு மிச்சமாகும் என்பது அவர்கள் காட்டும் காரணம். அது குறித்துச் சில வார்த்தை கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். யான் சிற்பநூல் கற்றவன் அல்லேன்; இலக்கணம் கற்பிப்பவன். எனினும் இருபதாண்டுகள் பள்ளிக் கட்டடங்களிலேயே பொழுது கழித்தவன் என்னும் உரிமையால் பேசத் துணிகின்றேன்.

புதுக்குதற்குரிய கட்டடங்கள் இருவகைப்படும். சாத்தி வைக்கத் தக்கன ஒருவகை. சாத்த இயலாதன மற்றொருவகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை முதல்வகையைச் சார்ந்தது. இராபர்ட் சிஷோம் என்பார் 1874 முதல் 1879 வரை எழுப்பிய அம்மாளிகை, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிப் புதுக்கப்பெற்றது. அது விழாவிற்கும் பேரவைக்கும் உரிய மண்டபம். நாள்தோறும் வகுப்பு நடக்கும் இடமன்று. ஆதலின் கதவை அடைத்து வேலை செய்தல் கூடும். நூலகம், ஆய்வுக்கூடம், தேர்வு அலுவலகம், விடுதி ஆகியவை அத்தகையன அல்ல. அங்கே ஒரு சுவருக்கு இப்பால் பாடம் நடக்க, அப்பால் கடப்பாரை விழும். இடர் முழுவதும் அந்த ஒரு சுவரைப் பற்றியதே.

உள்ளிருந்துகொண்டே புதுக்கினால் செலவு குறையும் என்பது மெய்தானா? இலண்டன் மாநகரத்துப் பார்லிமெண்டு மாளிகையைப் பற்றி 2015-இல் வெளியான ஆராய்ச்சி அறிக்கையை நோக்குவோம். சபையினர் உள்ளே இருக்கப் பகுதி பகுதியாகப் பழுது பார்த்தால் ஏறத்தாழ 32 ஆண்டும் 570 கோடிப் பவுனும் ஆகும் என்றும், அனைவரும் வெளியேறினால் 6 ஆண்டில் 350 கோடிப் பவுனில் முடியும் என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. ஒரே சாரத்தைப் பலமுறை கட்டுதலும் பிரித்தலும், கூட்டம் நடக்கும்போது ஆட்கள் கைகட்டி நிற்றலும், பழைய மின்கம்பியையும் புதிய மின்கம்பியையும் ஒருங்கே பேணுதலும் செலவல்லவோ? வாடகையில் மிச்சம் பிடித்த பணம் கூலியிற் கரைந்துபோகும்.

அங்ஙனமாயின் பழுது பார்த்தலே வேண்டா என்று வாளாவிருக்கலாமோ? அதுவும் தகாது. 2023 ஆகஸ்டு 5ஆம் நாள் இரவில், நமது திருவரங்கத்துக் கீழவாசற் கோபுரத்தின் கீழ்நிலைகளில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரவு நேரமாதலின் ஒருவருக்கும் தீங்கில்லை. பகலெல்லாம் மக்கள் நடக்கும் வழி அது. காலந் தாழ்த்தலும் ஆபத்தே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆயின் செய்யத் தக்க நெறி யாது? அதனையும் திருவரங்கமே காட்டுகின்றது. ஏழு திருச்சுற்றுக்களையும் 21 கோபுரங்களையும் உடைய அத்திருக்கோயிலின் வெளிச்சுற்றுக்களில் வீடுகளும் கடைகளும் நிறைந்துள்ளன. கோயிலும் ஊரும் ஒன்றாய்க் கலந்த இடம் அது. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்ற தெற்கு இராசகோபுரம், அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகளின் முயற்சியால் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து, 1987 மார்ச்சு 25-இல் குடமுழுக்குக் கண்டது. பின்னர் நிகழ்ந்த பெருந்திருப்பணியின் நிறைவில், 2015 செப்டம்பர் 9-இல் சன்னிதிகள் பலவற்றிற்கு முதற்கண் குடமுழுக்கு நடந்தது. நவம்பர் 18-இல் மூலவர் சன்னிதிக்கு நடந்தது. எல்லாவற்றையும் ஒருசேரத் தொடாமல் பகுத்துக்கொண்டமையை நோக்குக. அத்திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் விருதும் கிடைத்தது.

இன்னும் ஒன்று கருதத் தக்கது. நம் ஆலயங்களில் கருவறையைத் தொடுமுன் பாலாலயம் அமைப்பது மரபு. மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலசத்திலோ, மரத்திலோ, சித்திரத்திலோ எழுந்தருளச் செய்து, தனியிடத்தில் வைத்துப் பூசை நடத்துவர். அதன் பின்னரே கருவறையில் உளி படும். உள்ளே இருப்பவருக்கு முதலில் இடம், பிறகே இடிப்பு. இறைவனுக்கு நாம் செய்யும் இவ்வுபசாரத்தை, படிக்க வந்த ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்யலாகாதோ?

என் பிழை ஒன்றையும் இச்சபையில் ஒளியாமற் கூறுகின்றேன். பல்லாண்டுகளுக்கு முன் யான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், கோடை விடுமுறையில் முடிய வேண்டிய வேலை சூன் மாதத்திலும் நீண்டது. அடுத்த அறையில் தளம் கொத்தினர். வகுப்பெங்கும் சுண்ணத்தூள் படிந்தது. முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் இருமிக்கொண்டே இருந்தான். "வேலை நடக்கிறதப்பா, சற்றுப் பொறுத்துக்கொள்" என்று கூறி, யான் வேற்றுமை உருபுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவன் மூச்சுத் திணறி ஆசுபத்திரிக்குப் போனான். பிழைத்து எழுந்தான், அந்தப் பருவம் முழுதும் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பை மரத்தடிக்கு மாற்ற எனக்கு ஒரு காசும் செலவாகியிராது. பொறுக்கச் சொன்ன என் வாய்ச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

ஆகவே சங்கத்தார் திருமுன் என் விண்ணப்பம் இது. வேலையைக் கோடை விடுமுறையில் தொடங்குக. விடுதியை இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதிப் பிள்ளைகளை வாடகை வீட்டில் அமர்த்திய பின்னரே அப்பகுதியில் கைவைக்க. எஞ்சிய பகுதியைத் தூசி புகாதபடி தரைமுதல் கூரைவரை மறைப்பிட்டுப் பிரிக்க. கல்லையும் தளத்தையும் நீர்விட்டு அறுக்க. தேர்வு நாட்களில் ஓசை மிக்க வேலை வேண்டா. பின்புறத்தில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகட்டுக் கூரையை, ஒருவரும் இல்லாத வேளையில், அத்தொழில் அறிந்தவரைக் கொண்டு உடையாமல் இறக்குக. அதன் இழை நுரையீரலிற் படிந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோய் விளையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கின்றது.

எல்லாவற்றினும் முக்கியம், மாடிப்படியில் சிமிட்டி மூட்டை அடுக்கலாகாது. 2004 சனவரி 23-இல் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில், கீற்றுக் கொட்டகை தீப்பற்றி மணமகன் உட்பட 50-க்கு மேற்பட்டோர் மாண்டதை இவ்வூரார் மறவார். இறங்கும் வழி குறுகியதாய் இருந்தது. வழி அடைபட்ட மாடியிற் பிள்ளைகளை உறங்கவைக்க யார் துணிவர்?

உள்ளே பணிபுரிவோர் என்றால் கொத்தனாரும் சித்தாளும் அதில் அடங்குவர். தூசியை முதலில் உண்பவர் அவரே. முகத்திரையும் தலைக்கவசமும் குடிநீரும் நிழலும் அவருக்கு அளிப்பதைக் காண்டிராக்டு பத்திரத்திலேயே எழுதுக. பிள்ளைகளின் குறையை நாள்தோறும் கேட்டு, வேண்டுங்கால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தோடு உறுப்பினர் ஒருவரை நியமிக்க. அப்பொறுப்பை எனக்கு அளித்தால் மகிழ்வோடு ஏற்பேன். பள்ளி விட்டதும் மாலைதோறும் வருவேன்.

மூன்று மாத வாடகைக்குரிய தொகையைத் திரட்டுவது நமக்கு அரிதன்று. அதற்கு என் ஒருமாதச் சம்பளத்தில் பாதியை இன்றே காரியதரிசி அவர்களிடம் ஒப்புவிக்கின்றேன். ஏனைய அன்பர்களும் இயன்றது உதவுவார்களென நம்புகின்றேன்.